ஆவணம் வந்துவிட்டது, வக்கீல் பீஸ் வருமா?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் துறை ஒன்றிடம் ஃபோயா என்ற தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஆவணம் கேட்டு மனுப் போடுகிறீர்கள். மாதக்கணக்கில் பதில் இல்லை. வழக்குப் போட்டதும் ஆவணங்கள் வந்துவிடுகின்றன. கடைசியில் வக்கீலின் பில் 48,000 டாலர் என்று வந்து நிற்கிறது. இந்தத் தொகையை அரசிடமிருந்து வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஆவணத்தை வாங்கியவர்களில் பலருக்கு அந்தப் பணம் முழுதாகக் கிடைப்பதில்லை, சிலருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. காரணத்தைத் தேடினால் அது பெரும்பாலும் வழக்கு முடிந்த இடத்தில் இருக்காது. வழக்குத் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில், எழுதாமல் விட்ட இரண்டு மூன்று கடிதங்களில் இருக்கும்.

இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டத்தோடு பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே தகவல் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். மனுதாரருக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைத்துக்கொள்வது அவரவர் பாடு. அமெரிக்கச் சட்டத்தில் நாள் கணக்கில் ஏறும் அபராதம் கிடையாது. தாமதத்துக்காகத் துறையின் பையில் கைவைக்கும் முக்கிய வழி இந்த வக்கீல் பீஸ்தான். அதனால்தான் அரசுத் தரப்பு ஆவணத்தைக் கொடுத்த பிறகும் பீஸ் விஷயத்தில் விடாமல் மல்லுக்கட்டுகிறது.

ஃபோயா 1966இல் வந்தபோது பீஸ் பற்றிய பிரிவு அதில் இல்லை. வாட்டர்கேட்டுக்குப் பிறகு 1974இல், அதிபர் ஃபோர்டின் வீட்டோவைத் தாண்டி காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தத்தில் அது சேர்ந்தது. மனுதாரர் ‘கணிசமாக வென்றிருந்தால்’ நியாயமான வக்கீல் பீஸையும் வழக்குச் செலவையும் நீதிமன்றம் அரசின்மேல் சுமத்தலாம் என்பது அதன் சாரம். ‘சுமத்தலாம்’தான், ‘சுமத்த வேண்டும்’ அல்ல.

அப்போது வழக்குப் போட்டதால் துறை பயந்து ஆவணத்தைக் கொடுத்துவிட்டாலும் அது வெற்றியாகவே எண்ணப்பட்டது. 2001இல் பக்ஹானன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தக் கணக்கை மாற்றியது. நீதிமன்ற உத்தரவோ, நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தமோ இல்லாமல் எதிர்த்தரப்பு தானாக இறங்கிவந்தால் அதை வெற்றி என்று சொல்ல முடியாது என்றது. அது ஃபோயா வழக்கே அல்ல, ஆனாலும் அடுத்த ஆண்டே வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஃபோயாவுக்கும் பொருத்தியது. துறைகளுக்கு இது நல்ல வசதியாகப் போயிற்று. வழக்கை இழுத்துக்கொண்டே போய், தீர்ப்பு வரப்போகும் நேரத்தில் ஆவணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் பீஸ் கட்ட வேண்டியதில்லை. 2007 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஓபன் கவர்ன்மென்ட் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. இப்போது இரண்டு வகையில் வெற்றி காட்டலாம். ஒன்று, நீதிமன்ற உத்தரவு அல்லது நிறைவேற்ற வைக்கக்கூடிய எழுத்துபூர்வ ஒப்பந்தம். மற்றொன்று, வழக்கின் விளைவாகத் துறை தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்வது. இரண்டாவது வழிக்கு, உங்கள் கோரிக்கை சாரமற்றதாக இருக்கக்கூடாது. பீஸ் இனி பொதுத் தீர்ப்பு நிதியிலிருந்து போகாது, தோற்ற துறையின் சொந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் போகும் என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான்.

இரண்டாவது வழியில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வழக்குக்குப் பின் ஆவணம் வந்தது என்பதும் வழக்கால் ஆவணம் வந்தது என்பதும் ஒன்றல்ல. வழக்கே இல்லாவிட்டால் துறை அதைக் கொடுத்திருக்காது, குறைந்தபட்சம் அந்த நேரத்தில் கொடுத்திருக்காது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். துறையின் பதில் எப்போதும் ஒரே அச்சில் வரும்: “மனு ஏற்கெனவே வரிசையில் இருந்தது. முதலில் வந்தது முதலில் என்ற முறைப்படி பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கு வந்ததால் எதையும் மாற்றவில்லை.” கூடவே ஃபோயா அதிகாரியின் சத்தியப் பிரமாணம் ஒன்றும் வரும். 2020இல் கிராண்ட் கேன்யன் டிரஸ்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, அரசு நிலங்களைக் கவனிக்கும் இன்டீரியர் துறைக்கு எதிரான வழக்கில் இந்த வாதத்திடம்தான் தோற்றது. வழக்குக்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது, தாமதத்துக்குக் காரணம் நிர்வாகச் சுமை என்ற விளக்கத்தை டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆவணங்கள் கைக்கு வந்தன, பீஸ் வரவில்லை.

இதற்கு எதிரான சாட்சியத்தை வழக்குக்கு முன்பே திரட்டி வைக்க வேண்டும். மனுவுக்குப் பதில் முடிவு சொல்லத் துறைக்கு 20 வேலை நாட்கள் உண்டு. அசாதாரணச் சூழல் என்று எழுதித் தெரிவித்தால் இன்னும் 10 வேலை நாட்கள். கெடு தாண்டிய மறுநாளே நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிறது, உள்மேல்முறையீடுகூடத் தேவையில்லை. போகலாம் என்பதற்காக ஓட வேண்டாம். முதலில் மனுவின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உத்தேசத் தேதியைச் சொல்ல வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மூன்று விதமான பதில்தான் வர முடியும், மூன்றுமே உங்களுக்குப் பயன்படும். மௌனமாக இருந்தால், மனுவை யாரும் தொடவே இல்லை என்று வாதாடலாம். ‘இன்னும் 28 மாதம் ஆகும்’ என்று சொல்லிவிட்டு, வழக்குப் போட்ட மூன்றாம் மாதமே கொடுத்தால், அந்த 25 மாத இடைவெளியே வழக்கின் விளைவைக் காட்டிவிடும். ‘அடுத்த மாதம் முதல் தவணை தருகிறோம்’ என்று சொன்னால், பீஸை நம்பி இப்போது வழக்குப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. போட்டால் நீங்களும் கிராண்ட் கேன்யன் நிலைக்குத்தான் போவீர்கள். தொலைபேசியில் பேசினால் அன்றே அதன் சாரத்தை எழுதி அதே அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் சாட்சியாக நிற்காது.

அனுபவமுள்ள வக்கீல்கள் கையாளும் இன்னொரு உத்தியும் உண்டு. உங்கள் மனுவை அந்த அலுவலகம் எப்படிக் கையாண்டது என்ற உள்குறிப்புகளைக் கேட்டே தனியாக ஒரு ஃபோயா மனுப் போடுவது. யாரிடம் எந்தத் தேதியில் போனது, தேடுதல் எப்போது தொடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். தேடுதல் தொடங்கிய நாள் சம்மன் போய்ச் சேர்ந்ததற்கு மறுவாரமாக இருந்தால், எந்தச் சத்தியப் பிரமாணமும் அதன் முன் நிற்காது.

முதல் வழியான நீதிமன்ற உத்தரவு இதைவிட உறுதியானது. அதற்குப் பெரிய தீர்ப்பு வர வேண்டும் என்று நினைப்பது தவறு. ஃபோயா வழக்கில் அரசு 30 நாட்களில் பதிலுரை தர வேண்டும், வழக்கமான 60 நாட்கள் இல்லை. அதன்பின் இரு தரப்பும் சேர்ந்து கூட்டு நிலவர அறிக்கை தாக்கல் செய்யச் சொல்வார்கள். துறை மாதத்துக்கு 500 பக்கம் பார்த்துத் தருவதாக இருவரும் பேசி முடிப்பார்கள். அறிக்கையில் அதைத் தகவலாக மட்டும் எழுதிவிட்டு விடக்கூடாது. ‘பிரதிவாதி இன்ன தேதிக்குள் இவற்றைத் தர வேண்டும் என்று இதனால் உத்தரவிடப்படுகிறது’ என்ற வாசகத்தோடு ஒரு உத்தரவு வரைவை இணைத்து, நீதிபதி கையெழுத்திடக் கேளுங்கள். ஜூடிஷியல் வாட்ச் அமைப்பு எஃப்பிஐமேல் போட்ட வழக்கில் இருதரப்பும் ஒப்புக்கொண்டு நீதிமன்றம் ஏற்ற இப்படிப்பட்ட தேதி உத்தரவே வெற்றிக்குப் போதும் என்று 2008இல் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒற்றை வரி இருந்தால் மேலே சொன்ன காரணகாரியப் போராட்டமே வேண்டியதில்லை. அரசு வக்கீல்களும் இதை அறிவார்கள். ‘தேதியை நாங்களே கடைப்பிடிக்கிறோம், உத்தரவு எதற்கு?’ என்று இனிக்கப் பேசுவது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: எந்த ஆவணத்தை எந்த விதிவிலக்கின்கீழ் மறைத்தோம் என்று விளக்கும் வான் இண்டெக்ஸைத் தாக்கல் செய் என்று மட்டும் சொல்லும் உத்தரவு வெற்றியாகாது. ஆவணத்தைக் கொடு என்று சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது பீஸ் கேட்கும் தகுதியைப் பற்றித்தான். தகுதி இருந்தாலும் கொடுக்கலாமா என்று நீதிபதி நான்கு விஷயங்களை எடைபோடுவார்: வெளிவந்த தகவலால் பொதுமக்களுக்கு என்ன நன்மை, மனுதாரருக்கு வியாபார லாபம் உண்டா, அவருக்கு அந்த ஆவணத்தில் என்ன அக்கறை, மறுத்ததற்குத் துறைக்குச் சட்டப்படி நியாயமான ஆதாரம் இருந்ததா. முதல் மூன்றும் ஒன்றோடொன்று கலந்தவை. பத்திரிகையாளரையும் ஆராய்ச்சியாளரையும் பொதுநல அமைப்பையும், சொந்த வேலைக்காகவும் போட்டி நிறுவனத்தை உளவு பார்க்கவும் வருகிறவர்களிடமிருந்து பிரிப்பதற்கானவை. நான்காவதுதான் கத்தி. மறுத்தது சட்டப்படி சரியென்று ஆகிவிட்டால் மற்ற மூன்றும் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

இதன் கசப்பான உதாரணம் ஜெஃபர்சன் மார்லி வழக்கு. கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஜார்ஜ் ஜோவனைடிஸ் என்ற சிஐஏ அதிகாரி பற்றிய ஆவணங்களைக் கேட்டு, பத்திரிகையாளரான மார்லி 2003இல் வழக்குப் போட்டார். சில ஆவணங்கள் கிடைத்தன. பீஸ் கேட்டபோது மாவட்ட நீதிமன்றம் மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, மறுபடி மறுப்பு, மறுபடி திருப்பல். பொதுநன்மையை அளக்கும்போது கடைசியில் என்ன கிடைத்தது என்று பார்க்கக்கூடாது, கேட்ட நேரத்தில் பயனுள்ள புதுத் தகவல் வர ஓரளவு வாய்ப்பு இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்ற நல்ல விதி 2016இல் இந்த வழக்கில்தான் உறுதிப்பட்டது. ஆனால் 2018இல், சிஐஏயின் நிலைப்பாட்டுக்கு நியாயமான அடிப்படை இருந்தது என்று மாவட்ட நீதிமன்றம் கருதியதில் தவறில்லை என்று சொல்லி, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கதவை மூடிவிட்டார்கள். அவர் வாங்கிக் கொடுத்த விதி இன்று மற்றவர்களுக்குப் பீஸ் வாங்கித் தருகிறது, அவருக்கு ஒன்றும் தரவில்லை. மேல்முறையீட்டில் மாவட்ட நீதிபதியின் எடைபோடலை எளிதில் மாற்ற மாட்டார்கள் என்பதே இதில் கற்க வேண்டியது. நான்கு அம்சங்களையும் முதல் மனுவிலேயே சாட்சியத்தோடு நிறுத்துங்கள்: ஆவணத்தை வைத்து வெளியான கட்டுரைகள், அவற்றை மேற்கோள் காட்டிய காங்கிரஸ் கடிதங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆவணத்தை நீங்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருப்பது.

தாமதம் மட்டுமே பிரச்சினையான வழக்குகளில் நான்காவது அம்சம் பெரும்பாலும் உங்கள் பக்கம் சாயும். விதிவிலக்கு எதையும் துறை சொல்லியிருக்காது. வேலை குவிந்துவிட்டது என்பது சட்ட ஆதாரம் அல்ல என்று பல நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் அதிகம் போடும் ஃபோயா மனு தங்கள் குடிவரவுக் கோப்புக்கானது, அதாவது ஏ-ஃபைல். இதற்கு வழக்குப் போட்டுக் கோப்பை வாங்குவது வேறு, பீஸ் வாங்குவது வேறு. சொந்தக் கோப்பில் பொதுநன்மை என்று காட்ட ஏதும் இருக்காது என்பதால் முதல் மூன்று அம்சங்களிலும் நீதிபதி தயங்குவார். வக்கீலிடம் பேசும்போதே பீஸ் திரும்ப வராது என்ற கணக்கில் தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். யாரும் ஃபோயா மனுப் போடலாம், அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. இந்தியாவிலிருந்து போட்டவர் வாஷிங்டன் டி.சி. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

வக்கீல் வைக்காமல் தானே வழக்காடுகிறவருக்கு வக்கீல் பீஸ் கிடையாது. நீதிமன்றப் பதிவுக் கட்டணம் 405 டாலர், நகல், தபால் போன்ற செலவுகளைக் கேட்கலாம். தானே வக்கீலாக இருந்து தனக்காக வாதாடினாலும் கிடையாது. 1991இல் வேறொரு சட்டத்தின்கீழ் சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் பின்னால் ஃபோயாவுக்கும் நீட்டிவிட்டார்கள். ஆனால் பேக்கர் அண்ட் ஹோஸ்டெட்லர் என்ற பெரிய சட்ட நிறுவனம் தனக்காகத் தன் வக்கீல்களை வைத்தே வழக்காடியபோது, நிறுவனம் வேறு வக்கீல் வேறு என்று சொல்லி 2006இல் பீஸ் கேட்கும் தகுதியை ஒப்புக்கொண்டார்கள். தனி வக்கீலுக்கு இல்லாதது பெரிய நிறுவனத்துக்கு உண்டு என்பதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

இனி தொகை. நியாயமான மணிகளை நியாயமான மணி விகிதத்தால் பெருக்குவதுதான் அடிப்படை. ‘லோட்ஸ்டார்’ என்பார்கள். அரசுக்கு எதிரான பொதுவான பீஸ் சட்டத்தில் இருக்கும் மணிக்கு 125 டாலர் என்ற உச்சவரம்பு ஃபோயாவுக்குக் கிடையாது, சந்தை விகிதம் கேட்கலாம். இலவசமாக வாதாடும் தொண்டு நிறுவன வக்கீலுக்கும் சந்தை விகிதமே. வாஷிங்டனில் இந்த விகிதத்தை நிறுவ லாஃபி மேட்ரிக்ஸ் என்ற அட்டவணையின் வெவ்வேறு வடிவங்களை இரு தரப்பும் ஏந்திக்கொண்டு வருவார்கள். அரசு வக்கீல் அலுவலகம் வைத்திருந்த பழைய அட்டவணையை 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நம்பகமற்றது என்று தள்ளிய பிறகு, அரசுத் தரப்பு இப்போது ஃபிட்ஸ்பேட்ரிக் மேட்ரிக்ஸ் என்ற வேறொரு அட்டவணையைக் காட்டுகிறது. எதைக் கேட்டாலும், அதே ஊரில் அதே அனுபவமுள்ள இரண்டு மூன்று ஃபோயா வக்கீல்களின் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அட்டவணை மட்டும் போதாது.

அந்த 48,000 டாலர் பில்லை எடுத்துக்கொள்வோம்: மணிக்கு 400 வீதம் 120 மணி. ஃபோயா மனுவை எழுதியதும் உள்மேல்முறையீடு செய்ததும் 9 மணி என்றால் அது போய்விடும், வழக்குக்கு முந்தைய வேலைக்குப் பீஸ் இல்லை. வந்த ஆவணங்களைப் படித்த 7 மணி பெரும்பாலும் போகும், அது வழக்குக்கான வேலை அல்ல, உங்களுக்கான வாசிப்பு என்பார்கள். கோப்பைப் பதிவேற்றியது, நகல் எடுத்தது என்று வக்கீல் பெயரில் எழுதிய குமாஸ்தா வேலை 4 மணி போகும். கறுப்படித்த பெயர்களுக்காகப் போராடித் தோற்ற 12 மணியும் போகும். மிச்சம் 88 மணி, 35,200 டாலர். பதிவுகள் மொட்டையாக இருக்கின்றன என்று நீதிபதி பத்து சதவீதம் வெட்டினால் 31,680. இதில் உங்களால் தவிர்க்கக்கூடியது அந்தக் கடைசி வெட்டுதான். ‘வழக்கு வேலை, 6.0 மணி’ என்று எழுதினால் வெட்டத்தான் செய்வார்கள். ‘விதிவிலக்கு 5 பற்றிய எதிர்மனுவின் இரண்டாம் பகுதி வரைவு, 2.3 மணி’ என்று ஆறு நிமிட அலகில், வேலை செய்த அன்றே எழுத வேண்டும். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் தனி வரி போட்டால் இன்னொரு லாபம் உண்டு. தோற்றதற்கான மணியை மட்டும் நீக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே வரியில் கட்டினால் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தில் சதவீதம் வெட்டுவார்.

பீஸ் மனுவைத் தயாரித்த நேரத்துக்கும் பீஸ் உண்டு. அதில் 20 மணி கேட்டு 15 கிடைத்தால் 6,000 டாலர் சேரும். பதிவுக் கட்டணத்தோடு மொத்தம் 38,085. அரசுத் தரப்பு சமரசத்துக்கு வருவதற்கு இந்தக் கூடுதல் மணிகளே காரணம். அவர்கள் சண்டையை நீட்டிக்க நீட்டிக்க உங்கள் மீட்டர் ஓடும்.

கெடு விஷயத்தில் ஏமாறாதீர்கள். தீர்ப்புப் பதிவான 14 நாட்களுக்குள் பீஸ் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாட்கள் என்று நினைப்பவர்கள் வேறொரு பீஸ் சட்டத்தை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். இதைவிட மோசமான பள்ளம், ஆவணங்கள் எல்லாம் வந்த பிறகு இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வழக்கை முடிக்கும் ஒற்றைப் பக்கத் தாள். அரசு வக்கீல் அனுப்பும் வரைவில் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்ற வரி சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் பீஸ் அத்தோடு முடிந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, பீஸ் கோரிக்கை மட்டும் நிலுவையில் இருக்கும், 45 நாட்கள் பேசுவோம், ஒத்துவராவிட்டால் இன்ன தேதிக்குள் மனு என்று எழுத வேண்டும்.

மாநிலங்களின் ஆவணச் சட்டங்கள் தனி உலகம். கலிஃபோர்னியாவில் ஜெயித்த மனுதாரருக்குப் பீஸ் கட்டாயம். வழக்கு அப்பட்டமாக அற்பமானது என்றால் மட்டுமே அவர் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் பீஸோடு, ஆவணம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஃப்ளோரிடாவில் வழக்குக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன் ஆவணக் காப்பாளருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பீஸ் கேட்க முடியாது. கெட்ட நோக்கத்தோடு மனுப் போட்டீர்கள் என்று நீதிமன்றம் கண்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும். வக்கீல் பீஸையே தொழிலாக்கி மனுக்களைச் சரமாரியாக வீசியவர்களால் வந்த வினை அது, 2017 திருத்தம். நியூ ஜெர்சி நிலைமை இன்னும் வருத்தம். முன்பு ஜெயித்தால் பீஸ் கட்டாயம். அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி 2024இல் கையெழுத்திட்ட திருத்தத்துக்குப் பிறகு, நியாயமின்றி மறுத்தார்கள், கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள், அல்லது தெரிந்தே சட்டத்தை மீறினார்கள் என்று காட்டினால்தான் கட்டாயம். ஊராட்சி அலுவலகத்தில் நாலு காகிதம் கேட்கும் சாதாரண ஆளுக்கு வக்கீல் கிடைப்பதே இனி சிரமம்.

மறுபடி கூட்டாட்சி வழக்குக்கே வருவோம், கடைசிக் கட்டம் பேச்சுவார்த்தை. பீஸ் சண்டைகள் பல தீர்ப்புவரை போகாமல் இங்கேயே முடிகின்றன. முதலில் நேரப் பதிவேட்டைத் திருத்தி, நீங்களே சில மணிகளைத் தள்ளுபடி செய்து அனுப்புங்கள். நீதிபதி வெட்டக்கூடியதை முன்கூட்டியே வெட்டியவர் என்ற பெயர் மிச்ச மணிகளைக் காக்கும். அரசு வக்கீல் தானாக முடிவெடுக்க முடியாது, துறையின் பட்ஜெட் ஆட்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். ஒப்பந்தத்தில் தொகை, யார் கணக்குக்குப் போக வேண்டும், எத்தனை நாளில் என்ற மூன்றையும் எழுதுங்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தத்திலும், வரும் பணம் யாருக்கு, கட்சிக்காரர் ஏற்கெனவே கட்டியது எப்படிக் கழியும் என்று வழக்குத் தொடங்கும்போதே எழுதியிருக்க வேண்டும். வழக்கை முடிக்கும் தாளைப் பணம் வந்து சேர்ந்த பிறகே தாக்கல் செய்வோம் என்ற வரியையும் கேட்டுப் பாருங்கள். சில அரசு வக்கீல்கள் ஒப்புக்கொள்வார்கள்.